அண்ணி வேடத்துக்கு ஒரு நாமினேஷன்

கார்மேகத்திடம் சினிமா பேசப் போகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சீக்கிரத்தில் விடமாட்டான். அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுவது அவன் வேலை. ஸ்கேஃபோல்டிங் என்று சொன்னால்தான் அங்கே புரியும். கேம்பிலிருந்து சைட்டுக்குப் போகிற பஸ்ஸில் காலையிலேயே ஆரம்பித்துவிடுவான். போன வாரப் படத்தில் கதாநாயகன் தொங்கின கயிறு எந்தக் கம்பியில் கட்டியிருந்தது, அந்தக் கம்பி நிஜத்தில் ஓர் ஆளைத் தாங்குமா, சண்டை மாஸ்டர் எந்த இடத்தில் கண்ணைக் கட்டினார் என்று பிட்டுப் பிட்டு வைப்பான். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதைப் பற்றி அவனுக்கென்ன?

கமுதிப் பக்கத்துக்காரன். கல்யாணமான மறு வருஷமே விமானம் ஏறிவிட்டான். முதலில் குவைத், அப்புறம் இங்கே. மனைவி வடிவு அவனுடைய அத்தை மகள்; ஊரில் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டி, அந்தக் கோயிலுக்குப் போ, இந்தக் கோயிலுக்குப் போ என்று யோசனை சொல்வார்கள். பிள்ளை வரம் கேட்கிறதென்றால் முதலில் புருஷன் ஊரில் இருக்க வேண்டும் அல்லவா? அதை மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

ஆரம்ப வருஷங்களில் இரண்டு பேரும் தினம் போனில் பேசிப் பார்த்தார்கள். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன். நீங்க?” “சாப்பிட்டேன். மழை உண்டா?” “எங்க மழை.” அவ்வளவுதான். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேட்கும். ஒரு நாள் வடிவு தான் பார்த்த படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். கதையைச் சொல்லாதே, நானும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் தடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தான். அன்றைக்கு இரண்டு பேரும் போனில் போட்ட சண்டையில் ரூமில் இருந்தவர்கள் வராந்தாவுக்கு எழுந்து போனார்கள். அந்தக் குடும்பம் அன்றைக்குத்தான் குடும்பமாயிற்று என்று நான் சொல்வேன்.

அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. அவள் அருப்புக்கோட்டையில் மேட்னிக்குப் போவாள்; அவன் ருவைஸ் மாலில் இருக்கிற தியேட்டரில் அதே படத்துக்கு அதே சமயத்தில் போவான். இடைவேளை ஏறக்குறைய ஒன்றாக வரும். விளக்கு எரிந்ததும் போன். பாதிக் கதையில் யார் கெட்டவன் என்று பந்தயம் கட்டிக்கொள்வார்கள். படம் முடிந்து அவள் பஸ் ஏறுகிறவரைக்கும் பேச்சு ஓயாது.

அந்த இடைவேளைப் பேச்சில் ஒரு முள்ளும் இருந்தது. போனில் பின்னால் யாரோ, “இங்க ஆள் இருக்கா?” என்று கேட்பார்கள். “ஆமா, ஆள் இருக்கு” என்பாள் வடிவு. பக்கத்து வீட்டு சரசு கூட வந்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தான். ஒரு தடவை, “சரசுவும் வந்திருக்கா?” என்று கேட்டான். “அவ எங்க வாரா? மாட்டுக்குத் தண்ணி காட்டவே அவளுக்கு நேரம் பத்தாது” என்று சொல்லிவிட்டு வடிவு கதைக்குத் திரும்பிவிட்டாள். அப்படியானால் அந்த சீட்டில் யார்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நாரைப் போல அங்கேயே கிடந்தது.

இனி போட்டிக்கு வருவோம். தமிழ்ப் படங்களுக்கான பெரிய விருது விழா ஒன்று வருஷத்துக்கு ஓர் ஊரில் நடக்கும். இந்த முறை அபுதாபியில். விருது யாருக்கு என்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிரிவிலும் நாமினேஷன் பெறுகிற ஐந்து பேர் யார் என்று தெரிய வேண்டும். அதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல, அமீரகத்துத் தமிழ் ரேடியோ ஒன்று கணவன் மனைவிக்கென்று ஒரு ஜோடிப் போட்டி வைத்தது. அதிகம் சரியாகச் சொல்கிற ஜோடிக்கு விழாவில் முன்வரிசை. ஜோடியில் ஒருவர் ஊரில் இருந்தால் ரேடியோக்காரர்களே விசா எடுத்துக் கூட்டிவருவார்கள்.

கூட்டிவருவார்கள் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து கார்மேகத்துக்கு வேறு நினைப்பில்லை. அவன் வேலைக்குக் குடும்ப விசா கிடையாது. இத்தனை வருஷத்தில் வடிவு இந்த ஊரை வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறாள். அவளைக் கூட்டிவந்து, வேலிக்கு வெளியே நிறுத்தி, அதோ தெரிகிறதே அந்தக் கோபுரம், அதன் உச்சியில்தான் நான் நிற்பேன் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. முன்வரிசை, நட்சத்திரம் எல்லாம் அப்புறம். “இந்தத் தடவ விடுறதில்ல புள்ள” என்றான். கார்மேகம் விடுவதில்லை என்றால் உடும்புப்பிடிதான்.

வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சண்டைப் பயிற்சி, ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் அவன். நடிப்பு முழுக்க அவள். அவளுடைய அளவுகோல் எளிது: எந்த இடத்தில் தியேட்டரில் முறுக்குக் கடிக்கிற சத்தம் நிற்கிறதோ, அந்த இடத்தில் திரையில் இருக்கிறவருக்கு நாமினேஷன் உண்டு. நடிப்பில் அவள் சொல்வதே முடிவு, எதிர்ப்பேச்சு இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் பார்க்க வேண்டியிருந்தது உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய ஒரு படம். அன்றைக்கு இடைவேளையில் போன் அடித்தான், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. மீதிப் படத்தை அவன் கண்தான் பார்த்தது.

படம் முடிந்ததும் அவளே கூப்பிட்டாள்.

“மச்சான், ஹீரோவுக்கு அண்ணியா நடிச்ச பொம்பளைய எழுதிருங்க. மத்த நாலு பேரு யாரா வேணா இருக்கட்டும்.”

“எது, சோத்தப் போட்டுட்டுக் கதவோரமா நின்னுச்சே, அதுவா? நாலு ஷாட்டு வந்துச்சா அது?”

“அந்த ஒரு சீன் போதாதா? புருசன் பொணம் உப்புல கெடக்கு. மூட ஒரு துணி இல்ல. கட்டியிருந்த சேலைய அவுத்து மூடிட்டு, உள்பாவாடையோட ஊருக்கு முன்னாடி நிக்கிறாளே மச்சான். ஒரு சொட்டு அழுகல. தியேட்டர்ல ஒருத்தரும் மூச்சு விடல.”

“எந்தச் சீனு?”

“இன்டர்வெல்லுக்கு முன்னாடி.”

“லாரி வந்து அவ புருசன மோதுச்சு. கறுப்பாச்சு. இன்டர்வெல் விட்டான். எடிட்டர் தூங்கிட்டான்னு நெனச்சேன். நீ சொல்ற மாதிரி ஒரு சீனே கெடையாது.”

“நான் கண்ணால பாத்தேன்.”

“போன ஏன் எடுக்கல?”

“அழுதுக்கிட்டு இருந்தேன்.”

“இல்லாத சீனுக்கா?” என்றான் கார்மேகம். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலாம். பல்லிடுக்கு நார் அப்போதுதானா வெளியே வரவேண்டும்? “படத்துக்குத்தான் போனியா? யாரு கூடப் போன?”

“என்ன கேட்டீங்க?” என்றாள் வடிவு.

இங்கேதான் எனக்கு அவன்மேல் கோபம். முதல் தடவை வாய் தவறிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அவள் திருப்பிக் கேட்டது, அவன் அதை விழுங்கிக்கொள்ளட்டும் என்று கொடுத்த இடம். அந்த மடையன் விழுங்கவில்லை. “யாரு கூடப் போனேன்னு கேட்டேன்” என்றான் மறுபடியும், தெளிவாக.

“சரி மச்சான். இனிமே நீங்க தனியாவே பாருங்க” என்று சொல்லிவிட்டு வடிவு போனை வைத்துவிட்டாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதற்கப்புறம் அவள் போன் எடுக்கவில்லை. அவனும் வீம்பாகவே இருந்தான். ரேடியோவுக்குப் பெயர்களை அனுப்புகிறபோது துணை நடிகை வரிசையில் அந்த அண்ணியை விட்டுவிட்டு வேறொருத்தியைப் போட்டான். தூங்கிப்போன எடிட்டரையும் விட்டான். அனுப்பியதைக் கடைசித் தேதிவரைக்கும் மாற்றலாம் என்று விதி இருந்தது. மாற்றுகிற எண்ணம் அவனுக்கு இல்லை.

அந்த வாரம் முகம்மது ரிபாய் லீவு முடிந்து வந்தான். தொண்டிக்காரன்; கேம்ப் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன், கார்மேகத்தின் கீழ்க்கட்டில். ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினான். “மாப்ள, ஊர்ல ஒரு உப்பளத்துப் படம் பாத்தேன், அதுல ஒரு பொம்பளை சேலைய அவுத்துப் புருசன் மையத்து மேல போடுவா பாரு. யா அல்லா, என் பொஞ்சாதி ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல” என்றான்.

கார்மேகம் கட்டிலைவிட்டு இறங்கினான். “அந்தச் சீன் இருக்கா?”

“இருக்காவா? படமே அதுதானே. ஓ, நீ இங்க பாத்தியா? பொம்பளை சேலைய அவுத்தா இங்க விடுவாங்களா? வெட்டியிருப்பாங்க மாப்ள. ஒனக்குத் தெரியாததா?”

தெரியாததா? இங்கே திரையிடுகிற பிரதியில் கத்தரி விழும் என்பது வந்த முதல் வருஷமே எல்லாருக்கும் தெரியும். முத்தம் வரப்போகிற இடத்தில் படம் துள்ளிக் குதித்தால் தியேட்டரே சிரிக்கும், கார்மேகமும் விசில் அடிப்பான். வெட்டுகிறதெல்லாம் முத்தத்தைத்தான் என்று அவன் புத்தியில் பதிந்துபோயிருந்தது. ஒருத்தியின் துக்கத்தையும் கத்தரிக்கோல் கொண்டுபோயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வெட்டுப்பட்ட படத்தை இவன் பார்த்துவிட்டு, முழுப் படம் பார்த்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான்.

நடந்ததை ரிபாயிடம் சொன்னான். அந்தக் கேள்வியையும் சொன்னான்.

“அப்படியா கேட்ட?” என்றான் ரிபாய். கருவாட்டைச் சுருட்டி வைத்துவிட்டான். “என் பொஞ்சாதிட்ட நான் அப்படிக் கேட்டிருந்தா, நான் ஊருக்குத் திரும்பவே முடியாது மாப்ள.”

கார்மேகம் வராந்தாவுக்குப் போய் வடிவுக்குக் குரல் செய்தி அனுப்பினான். “இங்க அந்தச் சீன வெட்டிட்டாங்க புள்ள. நான் கேட்டது தப்பு. ரெண்டாவது தடவ கேட்டது அதவிடத் தப்பு.” சாக்குப்போக்கு எதுவும் சேர்க்கவில்லை; அந்த மட்டுக்கும் நல்லது. செய்தியை அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் என்ன? செய்ய வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. ரேடியோவுக்கு அனுப்பிய பெயர்களைத் திறந்து அண்ணியையும் எடிட்டரையும் உள்ளே போட்டான். ரிபாய் எட்டிப் பார்த்தான்.

“யோசிச்சுச் செய் மாப்ள. ஊர்ல பாத்த நானே சொல்றேன், புதுமுகம் அது. பெரிய பெரிய நடிகையெல்லாம் வரிசையில நிக்குது. ஒன் பொஞ்சாதி வரணும்னா தோதான பேரப் போடு.”

“அவ சொல்லிட்டா.”

“நீ பாக்கவே இல்லையே?”

“அவ பாத்தாள்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

கணிப்புகளில் விசித்திரமானவற்றை ரேடியோவில் எடுத்துப் போட்டு, அனுப்பியவர்களை நேரலையில் கூப்பிட்டுக் கேட்பார்கள். தொகுப்பாளினி பானுமதி கூப்பிட்டபோது கார்மேகம் கேம்ப் சமையலறையில் இருந்தான். அன்றைக்கு ரூமில் அவனுடைய சமையல் முறை. வெங்காயம் வெட்டிய கையால் அவன் தொட முடியாததால் ரிபாய்தான் போனைக் காதோரம் பிடித்துக்கொண்டான்.

“கார்மேகம் சார், துணை நடிகை பிரிவில வளைகுடா முழுக்க யாருமே எழுதாத ஒரு பெயரை நீங்க எழுதியிருக்கீங்க! படத்தில அவங்க வர்றதே நாலு ஷாட்தான்னு நேயர்கள் கிண்டல் பண்றாங்களே?” சிரித்துக்கொண்டே கேட்டாள் பானுமதி.

“இங்க நாலு ஷாட்டுதாம்மா. நானும் அதத்தான் பாத்தேன்.”

“அப்புறம் எப்படி?”

“ஊர்ல எம்பொண்டாட்டி முழுசாப் பாத்தா. நான் பாக்காததையும் அவ பாத்திருக்கா. நான் நம்பாம ஒரு கெட்ட கேள்வி கேட்டுட்டேன். இப்ப நம்புறேன். அதான் எழுதினேன்.”

பானுமதி சிரிப்பை நிறுத்தினாள். “நாமினேஷன் வரலைன்னா?”

“வரலைன்னாலும் அவ பாத்தது பாத்ததுதானம்மா” என்றான் கார்மேகம். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம்தான் என்று ரிபாய் எல்லாரிடமும் சொன்னான். ரிபாய் நல்ல மனுஷன்.

அந்த ரேடியோவை வடிவு தினம் செயலியில் கேட்கிறவள். அன்றைக்கும் கேட்டிருப்பாள். ஆனாலும் போன் வரவில்லை. அவளும் லேசுப்பட்டவளா, அத்தை மகள் அல்லவா?

நாமினேஷன் அறிவித்த நாள், டியூட்டி முடிந்து திரும்புகிற பஸ்ஸில் கார்மேகம் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். தூங்குகிற பாதிப் பேரும் அன்று விழித்திருந்தார்கள். துணை நடிகை பிரிவு வந்தது. முதல் பெயர், இரண்டாவது பெயர் பெரிய நடிகைகள். மூன்றாவதாக அந்த அண்ணியின் பெயரை வாசித்தாள் பானுமதி. பஸ்ஸே கத்தியது. பாகிஸ்தானி டிரைவர், என்ன ஆயிற்றோ என்று பிரேக்கை மிதித்துவிட்டான். எடிட்டிங்கில் உப்பளத்து எடிட்டர் வந்தார். கதாநாயகி, குணச்சித்திரம் என்று வடிவு சொன்ன பெயர்கள் சொல்லி வைத்தாற்போல் விழுந்துகொண்டே இருந்தன. கார்மேகம் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான்.

கடைசியில் சண்டைப் பயிற்சி. இது நம்ம ஏரியா என்று பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். வருஷம் பூராவும் கம்பியும் கயிறும் அளந்து, தாங்கும் தாங்காது என்று தேர்ந்தெடுத்த ஐந்து பேர். அதில் நாலு பேர் வரவில்லை. தாங்காத கம்பியில் தொங்கவிட்டவர்களைத்தான் நடுவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் எல்லாம் சரிந்தது. போட்டியில் ஜெயித்தது புஜைராவில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு ஜோடி.

கேம்ப் வாசலில் இறங்கியும் அவன் உள்ளே போகவில்லை. வேலியோரமாக நின்று, விளக்கு போட்ட ஆலைக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேவலமான கேள்வியால் அவள் பேச்சை இழந்தான், சொந்தக் கெட்டிக்காரத்தனத்தால் விசாவை இழந்தான். அப்போதுதான் போன் அடித்தது.

“நாலு போச்சே மச்சான்” என்றது வடிவின் குரல். “கம்பி தாங்காது, கம்பி தாங்காதுன்னீங்களே.”

“ஒன்னயக் கூட்டியாந்து காட்டணும்னு இருந்தேன் புள்ள” என்றான்.

“அடுத்த வருசம் சண்டை மாஸ்டரையும் நானே எழுதுறேன். நீங்க சும்மா இருங்க” என்றாள். “ரேடியோவுல பேசுனதக் கேட்டேன். அன்னைக்கே கேட்டேன். ஆத்திரம் தீரல, அதான் கூப்பிடல.”

“இப்பத் தீந்துச்சா?”

“யாரு கூடப் போனேன்னு கேட்டீங்கல்ல. அதுக்குப் பதில் சொன்னாத்தான் தீரும். சொல்றேன், கேளுங்க. தனியாப் போற பொம்பளைன்னா பக்கத்துல கண்டவனும் வந்து ஒக்காருவான். அதனால மொத நாள்லருந்தே ரெண்டு டிக்கெட்டு எடுத்து, பக்கத்து சீட்டுல பைய வச்சிருவேன். யாராச்சும் கேட்டா ஆள் இருக்குன்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அங்க ஆள் இருக்குற மாதிரி ஆகிப்போச்சு. சிரிப்பு வந்தா அந்தப் பக்கந்தான் திரும்புவேன். அன்னைக்கு அந்தப் பொம்பளை சேலைய அவுத்தப்பயும் அந்தப் பக்கந்தான் திரும்புனேன். ஒங்க கூடத்தான் மச்சான் போனேன். வேற யாரு கூடப் போவேன்?”

கார்மேகம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். இந்தத் தடவை வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. அவள் அழவிட்டாள். அழுது முடிகிறவரைக்கும் போனை வைக்கவில்லை.

“வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு பேய்ப் படம் வருது. மேட்னிக்குப் போறேன்” என்றாள் பிறகு. “இன்டர்வெல்ல கூப்பிடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ருவைஸ் மாலில் கார்மேகம் இரண்டு டிக்கெட் வாங்கினான். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்தான். கூட்டம் நெரிந்தது. பாப்கார்னும் கையுமாக வந்த ஒருவன் தொப்பியைப் பார்த்துவிட்டு, “பாய், யே சீட் காலி ஹை?” என்று கேட்டான்.

“இல்ல பாய், ஆள் இருக்கு” என்றான் கார்மேகம். வந்தவன் வேறு வரிசைக்குப் போனான். விளக்கை அணைத்தார்கள்.